கணைய ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு: வயிற்றை மறுபடி திறக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, விப்பிள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள், எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது, சிடி எடுத்துப் பார்த்துவிட்டு கணைய இணைப்பில் கசிவு, உள்ளே நீர் கட்டியிருக்கிறது, விலா ஓரமாக ஊசி போட்டு ஒரு குழாய் வைக்கிறோம் என்கிறார்கள். உள்ளே தையல் விட்டுப்போயிருக்கும்போது வெளியிலிருந்து குழாய் வைத்தால் எப்படிச் சரியாகும், திறந்து திரும்பத் தைக்க வேண்டாமா, அல்லது தங்கள் தப்பை மூடப் பார்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்கிறேன்: பெரும்பாலானவர்களுக்குத் திறக்கத் தேவையில்லை, இந்தக் குழாய்தான் முறையான சிகிச்சை. நான் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியில் இருக்கிறவன், ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி, கம்பி, குழாய் வைத்து வேலை பார்க்கிற பிரிவு, ஆகவே என் தொழிலுக்குக் கொஞ்சம் சாதகமாகப் பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை என்பதால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

ஏன் கசிகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். விப்பிளில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பித்தப்பை எல்லாம் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். அப்புறம் மூன்று இணைப்புகள் போட வேண்டும்: மிச்சமிருக்கிற கணையத்தைச் சிறுகுடலோடு, பித்தநாளத்தைச் சிறுகுடலோடு, இரைப்பையைச் சிறுகுடலோடு. குடலும் இரைப்பையும் தையலைத் தாங்கும், கணையம் தாங்காது. நல்ல ஆரோக்கியமான கணையத்தில் தையல் போடுவது பழுத்த வாழைப்பழத்தில் ஊசி நூல் ஓட்டுகிற வேலை, நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வந்துவிடும். கணையத்துக்குள் ஓடுகிற குழாயும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டி அந்தக் குழாயை ரொம்ப நாள் அடைத்து வைத்திருந்தால் குழாய் விரிந்து, கணையமும் இறுகிப் போயிருக்கும், அப்படிப்பட்டவர்களுக்குத் தையல் நன்றாக நிற்கிறது. பித்தநாளத்தின் முனையில் சின்னக் கட்டி, மற்றபடி கணையம் பஞ்சு மாதிரி நன்றாக இருக்கிறது என்பவர்களுக்குத்தான் கசிவு அதிகம். அதனால் கசிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து சர்ஜன் சரியாகச் செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உலகத்தின் மிகப் பெரிய மையங்களிலும் விப்பிள் செய்துகொண்டவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை, சிகிச்சை தேவைப்படுகிற அளவுக்குக் கசிவு வந்துகொண்டுதான் இருக்கிறது.

எதைக் கசிவு என்று சொல்வது என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. பல நாட்டுக் கணைய அறுவை நிபுணர்கள் சேர்ந்து 2005-இல் வகுத்தது, 2016-இல் திருத்தினார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெயினில், அதாவது ஆபரேஷனின்போதே வயிற்றுக்குள் வைத்துவிடுகிற வடிகுழாயில், வருகிற நீரில் அமைலேஸ் என்கிற நொதியை அளப்பார்கள். ரத்தத்தில் இருக்கலாம் என்று லேப் வைத்திருக்கும் உச்ச அளவைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கணைய நீர் கசிகிறது என்று அர்த்தம். நம்பர் மட்டும் ஏறியிருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார் என்றால் அதை நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. புதிதாகக் குழாய் வைக்க வேண்டி வந்தாலோ, டிரெயின் மூன்று வாரத்தைத் தாண்டியும் இருக்க வேண்டியிருந்தாலோ, ரத்தக்கசிவை நிறுத்த ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டுச் செய்வது) தேவைப்பட்டாலோ அது பி வகை. மறு ஆபரேஷன், உறுப்புகள் செயலிழப்பது, இறப்பு என்று போனால் சி வகை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்பா பி-யில் இருக்கிறார். அவர் சி-க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை.

குழாய் எப்படி இதைக் குணமாக்கும் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். கணைய நீர் தனியாக இருக்கும்வரை அவ்வளவு கொடூரமானதல்ல, அதிலுள்ள புரதம் அரிக்கும் நொதிகள் தூங்கும் நிலையில் வருகின்றன, குடல் நீர் பட்டதும்தான் விழித்துக்கொள்கின்றன. விப்பிளில் இணைப்பே குடலோடுதான், ஆகவே கசிகிற நீரில் குடல் நீரும் பித்தமும் சேர்ந்தே வருகிறது, கூடவே கிருமியும். கணையத்தின் வால்பகுதியை மட்டும் வெட்டியவர்களுக்குக் கசிவு விப்பிளைவிட அதிகம் பேருக்கு வந்தாலும் பொதுவாக இவ்வளவு மோசமாகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம், அங்கே குடல் இணைப்பே கிடையாது. ஆக, ஆபத்து ஓட்டையால் வருவதைவிட அந்த நீர் உள்ளே தேங்கி, பழுத்து, பக்கத்தில் உள்ள ரத்தக்குழாய்களை அரிப்பதால்தான் அதிகம் வருகிறது. தேங்காமல் வெளியே போக ஒரு வழி கொடுத்துவிட்டால் உடம்பு அந்த ஓட்டையைச் சுற்றித் தழும்பு கட்டிச் சுருக்கிக்கொண்டே வரும், குழாயில் வருகிற அளவும் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிடும். தைக்காமலே மூடுகிறது.

சரி, திறந்து தைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகாதா? ஆகாது. எட்டாம் பத்தாம் நாளில் வயிற்றுக்குள் எல்லாம் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், குடலைப் பிரிக்கப் போனால் குடல் கிழியும், கசிந்த இடத்துக் கணையம் முன்னைவிட மோசமாக இருக்கும், அங்கே இரண்டாவது தையல் நிற்காது. அப்படித் திறந்தால் சர்ஜனுக்கு மிஞ்சுவது சுத்தம் செய்து பெரிய டிரெயின்கள் வைப்பது, அல்லது இருக்கிற கணையத்தையும் எடுத்துவிடுவது. முழுக் கணையமும் போனால் இன்சுலின் ஒரு துளிகூட உடம்பில் இருக்காது. அந்தச் சர்க்கரை நோய் ஒரு நாளில் நானூறுக்கும் நாற்பதுக்கும் ஆடுகிற வகை.

இதற்கு நல்ல ஆதாரம் நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கே ஒன்பது மையங்களில் 2005 முதல் 2013 வரை விப்பிள் செய்துகொண்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள், கடுமையான கசிவு வந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். முதலில் குழாய் வைத்தவர்களையும் முதலில் வயிற்றைத் திறந்தவர்களையும், நோயின் கடுமை ஒரே அளவாக இருக்கும்படி ஜோடி சேர்த்து ஒப்பிட்டபோது இறந்தவர்கள் குழாய்ப் பக்கம் நூற்றுக்கு 14, திறந்த பக்கம் 36. 2017-இல் வெளியானது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, பழைய பதிவுகளை வைத்துச் செய்தது, ரொம்ப மோசமாக இருந்தவர்களை சர்ஜன்கள் திறந்திருக்கலாம் என்ற குறை எப்படி ஜோடி சேர்த்தாலும் கொஞ்சம் மிஞ்சும். இருந்தாலும் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு முன்பே, 2010-இல், அதே நாட்டுக்காரர்கள் அழுகிய கணைய அழற்சிக்கு முதலில் குழாய், தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படி என்ற முறையைச் சீட்டுக் குலுக்கி ஆய்வு செய்து பார்த்திருந்தார்கள். குழாய் முதலில் என்று பிரித்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குழாயோடு காரியம் முடிந்தது, அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. நோய் வேறு என்றாலும் யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

இனி குழாய் வைப்பது எப்படி என்று சொல்கிறேன், நாளைக்கு அப்பாவை உள்ளே கூட்டிப்போகும்போது உங்களுக்குப் பதற்றம் குறையும். சிடி மேஜையில் படுக்க வைத்து ஒரு தடவை ஸ்கேன் ஓட்டுவோம். நீர்க்கட்டு எங்கே இருக்கிறது என்பதைவிட, அதற்குப் போகிற வழியில் என்னென்ன குறுக்கே இருக்கிறது என்றுதான் அதிக நேரம் பார்ப்போம், பெருங்குடல், மண்ணீரல், நுரையீரலின் அடி நுனி, ரத்தக்குழாய்கள். சில பேருக்கு முன்பக்கம் வழியே கிடைக்காது, இடுப்புக்கு மேலே சிறுநீரகத்தை ஒட்டிப் பின்பக்கமாகப் போக வேண்டியிருக்கும். தோலில் மரப்பு ஊசி போட்டு, நீளமான மெல்லிய ஊசியைக் கொஞ்சம் செலுத்துவது, ஸ்கேன் பார்ப்பது, கோணம் திருத்துவது, மறுபடி செலுத்துவது என்று போகும். ஊசி உள்ளே விழுந்ததும் சிரிஞ்சில் இழுத்தால் கலங்கிய, சாம்பல் படிந்த காபி நிறத்தில் ஒரு நீர் வரும், பித்தம் கலந்திருந்தால் பச்சையாக. அதைப் பார்த்ததும் அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த ஊசி வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டு, ஊசியை உருவி, கம்பியின் மேல் குழாயைத் தள்ளுவோம். ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர் என்பவர் 1953-இல் சொன்ன முறை, இன்றைக்கும் இந்தப் பிரிவின் முக்கால்வாசி வேலை இதன் மேல்தான் நிற்கிறது. குழாயின் நுனி உள்ளே போனதும் பன்றிவால் மாதிரிச் சுருண்டுகொள்ளும், அதனால் பிக்டெயில் என்பார்கள், எளிதில் நழுவாது. வழக்கமாக 10 முதல் 14 பிரெஞ்ச் வரை போடுவோம்; 12 பிரெஞ்ச் என்றால் 4 மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது, அப்பா பேசிக்கொண்டே இருக்கலாம்.

எடுத்த நீரை அமைலேஸ், பிலிருபின், கல்ச்சர் மூன்றுக்கும் அனுப்பினார்களா என்று கேளுங்கள். கல்ச்சர், அதாவது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற பரிசோதனை, ரொம்ப முக்கியம், ஏனென்றால் மஞ்சள் காமாலைக்காக முன்பே ஈஆர்சிபியில் (வாய் வழி எண்டோஸ்கோப்பில் பித்தநாளத்தை எட்டுகிற முறை) ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பித்தத்தில் ஏற்கெனவே கிருமி குடியேறியிருக்கும், அது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ரகமாக இருப்பதும் உண்டு.

குழாய் வைத்ததோடு வேலை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல குழாய்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வார்டில்தான். உள்ளே இருப்பது வெறும் தண்ணீரல்ல, கரைந்த கொழுப்பும் திப்பித் திப்பியாகச் செத்த திசுவும் கலந்தது, இரண்டு நாளில் குழாயை அடைத்துவிடும். தினமும் இரண்டு மூன்று தடவை சிரிஞ்சில் சலைன் விட்டுக் கழுவ வேண்டும், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 10 மில்லி. டூட்டி நர்ஸுக்கு இருபது பெட் இருக்கும், இது விட்டுப்போகும். கூட இருக்கிற நீங்கள் ஒரு நோட்டில் தேதி, எவ்வளவு வந்தது, என்ன நிறம், கழுவினார்களா என்று எழுதி வையுங்கள், ரவுண்ட்ஸில் சர்ஜன் உங்கள் நோட்டைத்தான் முதலில் கேட்பார். நேற்று 200 மில்லி வந்த குழாயில் இன்றைக்கு 5 மில்லி, ஆனால் காய்ச்சல் 101 என்றால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், குழாய் அடைத்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. திரும்ப சிடி பார்த்து, அதே துளை வழியாகவே இன்னும் பெரிய குழாயாக மாற்றுவோம், வேறு பக்கம் தனியாகத் தேங்கியிருந்தால் இன்னொன்று வைப்போம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று தடவை இப்படி மாற்றுவது சாதாரணம். அதைத் தோல்வி என்று குடும்பத்தினர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை, சிகிச்சையே அப்படித்தான் படிப்படியாகப் போகும்.

வயிற்றுக்கு வெளியே குழாய் இல்லாமல் உள்ளேயே வடிக்க முடியுமா என்றால், சிலருக்கு முடியும். நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கிற எண்டோஸ்கோப்பை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டு, இரைப்பையின் பின்சுவர் வழியாகவே நீர்க்கட்டைக் குத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள். நீர் இரைப்பைக்குள் வடிந்து ஜீரணத்தோடு போய்விடும். பையும் இல்லை, தோல் எரிச்சலும் இல்லை. வால்பகுதியை வெட்டியவர்களுக்கு இது ரொம்பப் பொருத்தம், நீர் கட்டுவது இரைப்பைக்கு நேர் பின்னாலேயே. விப்பிளுக்குப் பிறகு நீர் பெரும்பாலும் கல்லீரலுக்குக் கீழே, புது இணைப்புகளுக்கு நடுவே தேங்கும், எண்டோஸ்கோப்பிலிருந்து எட்டாது, எட்டினாலும் புதிதாகத் தைத்த இடத்துக்குப் பக்கத்தில் குத்த யாருக்கும் மனம் வராது. கட்டைச் சுற்றி ஒரு சுவர் உருவாகியிருந்தால் நல்லது என்பதால் எண்டோஸ்கோபிக்காரர்கள் சில நேரம் பொறுக்கச் சொல்வார்கள், காய்ச்சலும் நடுக்கமுமாக இருக்கிறவருக்குப் பொறுக்க நேரமில்லை, ஆகவே குழாய். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இரு பக்கமும் அகன்ற உலோக ஸ்டென்ட் வைத்திருந்தால் மூன்று நான்கு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். உள்ளே கட்டு சுருங்கிய பிறகு அந்த உலோக விளிம்பு பக்கத்து ரத்தக்குழாயில் உரசும். எடுக்கிற தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள்.

இப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன், ரத்தக்கசிவு. ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்துக்குள் வருவது வேறு கதை, ஒரு முடிச்சு கழன்றிருக்கும், உள்ளே இணைப்பில் மட்டும் கசிந்தால் எண்டோஸ்கோபியில் நிறுத்துவார்கள், வயிற்றுக்குள் நிறைய ஓடினால் தயங்காமல் திறந்து கட்டிவிடுவதுதான் சரி. நான் சொல்வது ஒரு வாரம், இரண்டு வாரம், சில நேரம் அதற்கும் பிறகு வருவதை. விப்பிளில் கல்லீரல் தமனியிலிருந்து கீழே பிரிந்து வருகிற ஒரு கிளையைக் கட்டி வெட்டுவார்கள், கணையத் தலையை எடுக்க வேறு வழியில்லை. அந்த வெட்டிய அடி கணைய இணைப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும். கசிகிற நீர் நாள்கணக்கில் அதை நனைத்துக்கொண்டிருந்தால் சுவர் மெலிந்து ஒரு பக்கம் உப்பும், பிறகு ஒரு நாள் உடையும்.

பல பேருக்கு இது எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. பெரிய ரத்தப்போக்குக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்னால் டிரெயின் பையில் கொஞ்சம் சிவப்பு, ஒரு தேக்கரண்டிகூட இருக்காது, அல்லது மலம் கறுப்பாக ஒரு தடவை, அல்லது மூக்கு வழி டியூபில் லேசாக ரத்தம். பிறகு தானாகவே நின்றுவிடும். பிரஷர் சரியாக இருக்கும், ஹீமோகுளோபின் பெரிதாகக் குறைந்திருக்காது. இரவு ரவுண்ட்ஸில் யாராவது குழாய் உரசியிருக்கும், காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். சொல்ல விடாதீர்கள். கசிவு இருக்கிற நோயாளியின் டிரெயினில் ஐந்தாம் நாளுக்குப் பிறகு புதிதாக ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே சிடி ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டுகிற சிடி) வேண்டும், அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும். இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் யாராவது படிப்பார்கள் என்றால் அது இந்தப் பத்தியாக இருக்கட்டும்.

சிடியில் உப்பல் தெரிந்தால் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் ஊசி போட்டு, கம்பி வழியாகக் கல்லீரல் தமனி வரை போவோம். இரண்டு வழி இருக்கிறது. பிளாட்டினத்தில் மயிர் மாதிரியான காயில்களைச் சுருள் சுருளாக இறக்கி அந்தக் குழாயை அடைத்துவிடலாம், உப்பலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்த்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து ரத்தம் வந்து நிரப்பும். வேகமாக முடியும், நிச்சயமாகவும் நிற்கும். ஆனால் வெட்டிய கிளையின் அடி ரொம்பக் குட்டையாக இருந்தால் அடைப்பதற்கு அதில் இடமில்லை, கல்லீரல் தமனியையே அடைக்க வேண்டி வரும். கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் பெரும்பகுதி குடலிலிருந்து வருகிற போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது, அது நன்றாக ஓடினால் கல்லீரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பித்தநாளங்கள் அப்படி இல்லை, அவை தமனி ரத்தத்தை நம்பியே இருப்பவை. அதனால் அடைத்த சில நாளில் கல்லீரலில் சீழ்க்கட்டி, பித்த இணைப்பு விட்டுப்போவது என்று அடுத்த சங்கடம் வரலாம். இரண்டாவது வழி, துணி போர்த்திய ஸ்டென்ட். தமனிக்குள் அதை விரித்தால் ஓட்டை மூடும், கல்லீரலுக்கு ரத்தமும் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் விறைப்பானது, வளைந்து நெளிந்த தமனிகளில் போக மறுக்கும், ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிற ஆளிடம் அதோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட முடியாது. என் வரிசை இப்படி: பிரஷர் நிற்கிறது, தமனி நேராக இருக்கிறது என்றால் ஸ்டென்ட், விழுந்துகொண்டிருக்கிறார் என்றால் காயில், கல்லீரலைப் பற்றி நாளைக்குக் கவலைப்படலாம். ஸ்டென்ட் வைத்த பிறகு அது அடைக்காமல் இருக்க ஆஸ்பிரின் மாதிரி மருந்து கொடுப்பதா, இப்போதுதான் ரத்தம் நின்றிருக்கிற ஆளுக்கு அதைக் கொடுக்கலாமா என்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் சர்ஜனும் நாங்களும் சண்டை போடுகிற இடம், ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

சில நேரம் ஆஞ்சியோ செய்யும்போது எதுவுமே தெரியாது. தமனி சுருங்கி ரத்தம் தற்காலிகமாக நின்றிருக்கும். அப்படி எதுவும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் ஆபத்து நீங்கியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐசியுவிலேயே வைத்து, திரும்ப ஒரு துளி வந்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் தனித்தனியாகச் செய்யத் தெரிந்த ஆட்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், யார் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறார்கள் என்பதில். அமெரிக்காவில் 2009-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இறப்பு குறைவான ஆஸ்பத்திரிகளையும் அதிகமான ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டது. எல்லா வகைப் பெரிய ஆபரேஷன்களும் சேர்ந்த கணக்கு அது. சிக்கல் வருவது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நூற்றுக்கு 25, 27 என்று. பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஒரு பக்கம் நூற்றுக்கு 12 அல்லது 13, மறுபக்கம் 21. கணையத்தில் இதை நேரடியாகச் சோதித்தவர்கள் திரும்பவும் நெதர்லாந்துக்காரர்கள். அந்த நாட்டில் கணைய ஆபரேஷன் நடக்கிற 17 மையங்களும் சேர்ந்து, 2018, 2019-இல், 1,748 பேரை வைத்துப் பார்த்தார்கள். புதுக் கருவியோ புது மருந்தோ எதுவும் கிடையாது. தினமும் நோயாளியின் நிலைமை, ரத்தப் பரிசோதனை, டிரெயின் நீர் ஆகியவற்றை ஒரு வரையறுத்த கணக்கில் போட்டு, எப்போது சிடி எடுப்பது, எப்போது குழாய் வைப்பது, எப்போது ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பது, எப்போது டிரெயினை உருவுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்த விதியைப் பின்பற்றினார்கள். மையங்கள் ஒவ்வொன்றாக அந்த முறைக்கு மாறின. ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, இறப்பு மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தவர்கள் நூற்றுக்கு 14-இலிருந்து 8 ஆனார்கள். 90 நாளுக்குள் இறப்பு 5-இலிருந்து 3. லான்செட் மருத்துவ இதழில் 2022-இல் வந்தது. என் கண்ணுக்கு இந்தத் துறையில் இருபது வருஷத்தில் வந்த மிக முக்கியமான ஆய்வு இதுதான், ரோபோ ஆபரேஷன் விளம்பரங்களுக்கு நடுவே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது ஒரு வருத்தம்.

ஆக்ட்ரியோடைடு ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கணையச் சுரப்பைக் குறைக்கிற மருந்து, பல ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிறார்கள். வெளியே வருகிற அளவு குறையலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற கசிவை அது மூடுகிறது என்பதற்கு ஆதாரம் பலமில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பாசிரியோடைடு என்ற மருந்தை ஆபரேஷன் அன்றே ஆரம்பித்து நியூயார்க்கில் 300 பேருக்கு ஒரு ஆய்வு நடந்தது, 2014-இல் வந்தது, கசிவும் சீழும் 21 சதவீதத்திலிருந்து 9 ஆனது. அது தடுப்பதற்கு, விலையும் அதிகம், எல்லா இடத்திலும் அதே பலன் கிடைக்காததால் பரவலாகவில்லை. கொடுத்தால் கொடுக்கட்டும், அதை நம்பிக் குழாயைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்ற சிக்கல்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரைப்பை வேலை செய்யாமல் சாப்பிட்டது மேலேயே நிற்பது ரொம்பப் பேருக்கு வரும், பயமுறுத்தும், ஆனால் மூக்கு டியூபும் பொறுமையும் போதும். ஒன்று, உள்ளே நீர் கட்டியிருந்தால் அதுவே இரைப்பையை முடக்கும், அதை வடித்ததும் ஒரு வாரத்தில் இட்லி இறங்க ஆரம்பிக்கும். பித்த இணைப்பு கசிந்தால் கல்லீரல் வழியாகப் பித்தநாளத்துக்குள் ஒரு குழாய் விடுவோம், அடைப்பில்லாமல் நாளங்கள் மெல்லியதாக இருக்கும் என்பதால் எங்களுக்கு இது கஷ்டமான வேலைகளில் ஒன்று. டிரெயினில் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் அது நிணநீர்க் கசிவு, ட்ரைகிளிசரைடு 110-க்கு மேல் இருந்தால் உறுதி. கொழுப்பில்லாத சாப்பாடும் எம்சிடி எண்ணெயும் (பெரும்பாலும் நிணநீர் வழியாகப் போகாமல் நேராக ரத்தத்தில் சேருகிற கொழுப்பு) கொடுப்பார்கள், பெரும்பாலும் அதிலேயே நிற்கும். இங்கே நம் வீடுகளில் ஒரு குழப்பம் நடக்கிறது, எம்சிடி என்றால் தேங்காய் எண்ணெய்தானே என்று அதை ஊற்றிக் கொடுக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருப்பது லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி நிணநீர் வழியாகத்தான் போகும், கசிவைக் கூட்டும். டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த பாட்டிலையே வாங்குங்கள்.

எப்போது திறந்துதான் ஆக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், குழாயே போதும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்துவிடக் கூடாது. வயிறு முழுக்கப் பரவிய அழற்சி, எந்தப் பக்கமிருந்தும் ஊசிக்கு வழி இல்லாத சீழ், குடல் ஒரு பக்கம் ரத்த ஓட்டமில்லாமல் செத்திருப்பது, ஆஞ்சியோவில் நிறுத்த முடியாத ரத்தம், குழாய்களெல்லாம் சரியான இடத்தில் இருந்தும் ஒன்றிரண்டு நாளில் பிரஷர் மருந்தும் வென்டிலேட்டரும் கூடிக்கொண்டே போவது. இந்த நிலைமைகளில் சர்ஜன் திறக்கிறேன் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது இருக்கிற ஆஸ்பத்திரியில் நாளைக்குக் காலையில் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சிடி ஆஞ்சியோவும் காயில் போடுகிற ஆளும் இங்கேயே கிடைப்பார்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இரண்டாவது, அடுத்த சிடி எப்போது, எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அப்பா நன்றாக இருக்கும்போதே, இன்றைக்கே, பெரிய மையத்துக்கு மாற்றுவதைப் பற்றி சர்ஜனிடம் மரியாதையாகப் பேசுங்கள். நல்ல சர்ஜன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ரத்தம் வர ஆரம்பித்த பிறகு ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் போகச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எல்லாம் நல்லபடியாகப் போனால் குழாயோடேயே வீட்டுக்கு அனுப்புவார்கள். பல வாரம் இருக்கலாம், அது தப்பில்லை. தினமும் வருவது 10, 20 மில்லிக்குக் கீழே இறங்கி, அமைலேஸும் குறைந்து, சிடியில் உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் எடுப்பார்கள், சிலர் ஒரேயடியாக உருவாமல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுப்பார்கள், பின்னாலிருந்து பாதை மூடிக்கொண்டு வரட்டும் என்று. குளிக்கும்போது பையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், கையில் பிடித்துக்கொண்டு எழுந்தால் எங்கேயாவது மாட்டி இழுக்கும், அப்படி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ள முயற்சிக்காமல் துளையின் மேல் சுத்தமான காஸ் வைத்து அன்றைக்கே வந்துவிடுங்கள், பாதை மூடுவதற்குள் வந்தால் அதே துளை வழியாகப் புதுக் குழாய் போட்டுவிடலாம்.

அதற்கப்புறம் மாதங்கள், சில நேரம் வருஷங்கள் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு திடீர்க் காய்ச்சல், லேசாகக் கண் மஞ்சள் என்றால் பித்த இணைப்பு சுருங்கியிருக்கலாம். விப்பிளுக்குப் பிறகு குடலின் வழி மாறியிருப்பதால் சாதாரண ஈஆர்சிபி அங்கே எளிதில் போய்ச் சேராது, பலூன் பொருத்திய நீள எண்டோஸ்கோப் உள்ள இடத்திலோ அல்லது எங்களைப் போன்றவர்களிடம் கல்லீரல் வழியாகவோதான் பலூன் வைத்து விரிக்க வேண்டும். பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்காமல், ஆபரேஷன் சம்மரியை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.